தண்ணீரைக் கவனிக்க ஆளில்லை

இங்கிலாந்தில் அக்டோபர் பிறந்து, வீடுகளில் ஹீட்டிங்கை மறுபடி போடும் நாட்களில் ஒரே குறை ஆண்டுதோறும் எழுகிறது. பாய்லர் ஓடுகிறது, மற்ற அறைகள் கதகதப்பாகிவிட்டன, ஓர் அறையின் ரேடியேட்டர் மட்டும் சில்லென்று கிடக்கிறது. நம் ஊரில் ரேடியேட்டர் என்றால் வண்டி எஞ்சினின் சூட்டை வெளியே தள்ளுவது. அங்கே அது ஜன்னலுக்குக் கீழே சுவரோடு பொருத்திய இரும்புத் தகட்டுப் பெட்டி. பாய்லரில் காய்ந்த வெந்நீரை வாங்கி, அறைக்குச் சூட்டைக் கொடுத்து, ஆறிய நீரைத் திருப்பி அனுப்பும். அது குளிர்ந்து கிடந்தால் எல்லோர் கண்ணும் அதன்மேல்தான் போகிறது. தட்டிப் பார்க்கிறார்கள், சாவி போட்டுக் காற்றைத் திறந்துவிடுகிறார்கள், சிலர் புதிதே வாங்கி மாட்டுகிறார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் குற்றம் அந்தப் பெட்டியில் இல்லை என்பதே என் வாதம். பெரிய கட்டடங்களுக்கென்று, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாக வளர்ந்த ஒன்றை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சின்ன வீடுகளுக்குள் மலிவாகக் கொண்டுவந்தார்கள். குழாயைச் சிறிதாக்கினார்கள், இரும்பை மெலிதாக்கினார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளை வெளியே நிறுத்திவிட்டார்கள். குளிர்ந்த ரேடியேட்டர் அந்த வரலாற்றின் விளைவு.

வெந்நீரைக் குழாயில் சுற்றவிட்டுச் சூடு பெறும் யோசனை முதலில் மனிதர்களுக்காகப் பிறந்ததாகத் தெரியவில்லை. சுவீடன் நாட்டுப் பொறியாளர் மார்ட்டன் ட்ரீவால்ட் 1716-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் செடிகள் வளர்க்கும் கண்ணாடிக் குடிலை இப்படிச் சூடாக்கினார். 1777-ல் பிரான்சில் போன்மேன் என்பவர் கோழிமுட்டைகளை அடைவைக்க வெந்நீர்க் குழாய்களைப் பயன்படுத்தினார். சூடு ஏறினால் தானே காற்றைக் குறைத்து நெருப்பைத் தணிக்கும் கருவி ஒன்றையும் அதில் சேர்த்தார். செடியும் முட்டையும் இரவு முழுதும் ஒரே அளவான சூட்டைக் கேட்பவை. அணையும் அடுப்பு அவற்றுக்கு உதவாது, ஒருவர் கண் எப்போதும் அதன்மேல் இருக்க வேண்டும். 1831-ல் லண்டனில் ஏஞ்சியர் மார்ச் பெர்கின்ஸ் காப்புரிமை பெற்ற ஏற்பாடு வேறு திசையில் போனது. தடித்த சுவர் கொண்ட ஒடுக்கமான தேனிரும்புக் குழாயில் நீரை முழுக்க அடைத்து மூடி, கொதிநிலைக்கும் மேலே சூடேற்றினார். குழாய் சிறிது, சூடு அதிகம், பொருத்துவது எளிது. பெரிய வீடுகளிலும் பொதுக் கட்டடங்களிலும் அது பரவியது. கூடவே பயமும் பரவியது. அந்தக் குழாய்கள் அருகிலுள்ள மரத்தைக் கருக்கித் தீ மூட்டுகின்றனவா என்று ஆராய்ந்து மான்செஸ்டரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக 1841-ல் அறிக்கையே எழுதப்பட்டது. சிறிய குழாய் ஒரு சிக்கனம். அந்தச் சிக்கனத்துக்கு யாராவது ஒருவர் விழித்திருந்து விலை கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

பெர்கின்சின் வழிக்கு எதிராக, பெருவிட்டக் குழாயில் குறைந்த அழுத்தத்தில் நீர் தானாகச் சுற்றும் முறையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைத்தது. அதன் அறிவியலைச் சற்று நின்று பார்க்க வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்தே புரியும். 80 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் நீர் சுமார் 972 கிலோ. 60 டிகிரிக்கு ஆறினால் சுமார் 983 கிலோ. அடித்தளத்தில் காய்ந்த நீர் இலேசாகி மேலே ஏற, அறைகளில் ஆறிய நீர் கனத்து இறங்க, இந்தப் பதினொரு கிலோ வித்தியாசம்தான் முழுக் கட்டடத்துக்கும் இயங்குவிசை. பாய்லருக்கும் ரேடியேட்டருக்கும் மூன்று மீட்டர் உயர வேறுபாடு இருந்தால் கிடைக்கும் அழுத்தம் மூன்றரை சென்டிமீட்டர் நீருக்குச் சமம். அவ்வளவே. அந்தச் சொற்ப விசையை எதுவும் தடுக்கக்கூடாது என்பதால் குழாய் அகலமாக இருந்தாக வேண்டும். எங்கும் பள்ளம் மேடு இல்லாமல் ஒரே சரிவில் ஏறியாக வேண்டும். நீரிலிருந்து பிரியும் காற்று அந்தச் சரிவிலேயே மேலேறி வெளியேற வழி வேண்டும். சார்லஸ் ஹுட் 1837-ல் வெளியிட்ட வெந்நீர் வெப்பமூட்டல் நூல் குழாய்களில் காற்று சேர்வதை முக்கியமான சிக்கலாகவே எடுத்துக்கொள்கிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் ஏர் பிடித்துக்கொண்டு தண்ணீர் நின்றுபோவதைக் கண்ட எவருக்கும் அந்தக் கவலை விளங்கும். அன்றைய தச்சு வேலையும் குழாய் வேலையும் அந்தக் கவலைக்கான விடையைச் சுவருக்குள்ளேயே கட்டிவைத்தன. மீதியைப் பார்த்துக்கொள்ள அடித்தளத்தில் கரி அள்ளிப் போடும் ஆள் ஒருவர் இருந்தார். மருத்துவமனையானாலும் பள்ளியானாலும் சிறையானாலும், எந்தப் பக்கம் நீர் மந்தமாக ஓடுகிறது, எந்த வால்வை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது அவர் கையில் இருந்த அறிவு.

பழைய முறையிலும் அறைகள் குளிர்ந்துதானே கிடந்தன என்று கேட்கலாம். கிடந்தன. ஒரே குழாயில் ரேடியேட்டர்களை வரிசையாகக் கோக்கும்போது முதல் அறைக்குக் கொதிநீரும் கடைசி அறைக்கு வெதுவெதுப்பும் போய்ச் சேர்ந்தன. ஆனால் அந்தக் குறை முன்கூட்டியே தெரிந்த குறை. நல்ல பொறியாளர் கடைசி அறைக்குப் பெரிய ரேடியேட்டரை வரைந்து வைத்தார். அவர் தவறவிட்டதைக் கரி போடுபவர் வால்வில் சரிசெய்தார். அதாவது குளிர்ச்சிக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தார். பின்னாளில் வீடுகளுக்குள் வந்த ஏற்பாட்டில் அப்படிப் பதில் சொல்லும் ஆள் இல்லை. வரலாற்றில் முக்கியமான மாற்றமாக நான் காண்பது இதைத்தான்.

ரேடியேட்டர் என்ற தனிப் பொருள், 1850-களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொழில் நடத்திய ஃபிரான்ஸ் சான் காலியின் பெயரோடு பொதுவாகச் சேர்த்துச் சொல்லப்படுகிறது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் வார்ப்பிரும்பில் அதைப் பெருமளவில் வார்த்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் கிளை இங்கிலாந்தின் ஹல் நகரிலும் வந்துவிட்டது. ஆனாலும் ஆங்கிலேயச் சாதாரண வீடு அதை நெடுங்காலம் ஏற்கவில்லை. கணப்பில் எரியும் நெருப்பின் முன் உட்காருவதுதான் வீடு என்ற எண்ணம் ஒரு காரணம். அகலக் குழாய்க்காகச் சுவரையும் தரையையும் பெயர்க்கும் செலவு அதைவிடப் பெரிய காரணம். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டமும், அதைத் தொடர்ந்த 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும் நிலக்கரித் தொழிலுக்கு நெருக்கடி ஆயின. திறந்த கணப்பில் கரி எரிக்க முடியாவிட்டால் வீட்டுச் சந்தை கைவிட்டுப் போகும். லெதர்ஹெட்டில் இருந்த நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வுச் சங்கம் அந்தப் பத்தாண்டில் உருவாக்கிய சிறுகுழாய் முறை இந்த நெருக்கடியின் பிள்ளை. அரை அங்குலச் செப்புக் குழாய், நீரைத் தள்ள ஒரு சிறிய மின்சாரப் பம்ப். வீட்டுப் பம்ப் ஒன்று ஐந்து மீட்டர் நீருக்குச் சமமான அழுத்தத்தைத் தரக்கூடியது. பழைய மூன்றரை சென்டிமீட்டரோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல். இனி சரிவு பார்க்கத் தேவையில்லை. மரத்தளத்தின் பலகைகளைத் தூக்கி, குழாயை வளைத்து நெளித்து, கதவுக்கு மேலே ஏற்றி இறக்கிப் பொருத்தலாம். விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றை ஒரு வாரத்துக்குள் சூடாக்கிவிடலாம்.

பம்ப் இரண்டு பழைய விடைகளையும் ஒரே நேரத்தில் அழித்தது. சரிவு போனதால் காற்று தானே வெளியேறும் வழி போனது. ஒவ்வொரு ரேடியேட்டரின் தலையும் காற்று தங்கும் இடமாயிற்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு திறப்பும் சாவியும் தேவைப்பட்டன. விசை கூடியதால் நீர் சோம்பேறி வழியைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது: பாய்லருக்கு அருகிலுள்ள ரேடியேட்டர் வழியாகப் பாய்ந்து உடனே திரும்பிவிடும், தூரத்து அறை பட்டினி கிடக்கும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு ரேடியேட்டரின் மறுமுனையிலும் மூடியிட்ட வால்வு ஒன்று வைத்தார்கள். அருகிலுள்ளவற்றை நெரித்து, தூரத்திலுள்ளவற்றைத் திறந்து, எல்லாவற்றுக்கும் பங்கு பிரிக்க வேண்டும். போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் இடையே பதினொரு டிகிரி வித்தியாசம் வரும்வரை அறை அறையாகப் போய் மறுபடி மறுபடி திருப்பிச் செய்யும் பொறுமையான வேலை அது. வேலை முடிந்ததும் வால்வின்மேல் மூடி போட்டுவிடுவார்கள், வீட்டுக்காரர் தொடாமல் இருப்பதற்காக. அந்த மூடிக்குள் ஒரு அறிவு அடைபட்டது. பின்னால் சுவருக்கு வண்ணம் பூச ரேடியேட்டரைக் கழற்றியவர் எத்தனை சுற்று என்று எண்ணாமல் திருப்பி மாட்டினால், பங்கீடு குலைந்து வேறொரு அறை குளிரும்.

அதன்பின் எல்லாம் விரைந்து நடந்தன. 1740-க்குப் பிறகு இங்கிலாந்து கண்ட மிகக் குளிர்ந்த குளிர்காலம் 1962-63-ல் வந்தது. அதற்கு முன்பே 1961-ல், வீட்டுத் தரங்களை ஆராய்ந்த பார்க்கர் மோரிஸ் குழு, வெளியே உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும்போதும் வசிக்கும் அறை 18 டிகிரியும் சமையலறையும் நடைவழியும் 13 டிகிரியும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்த அறுபதுகளின் முடிவுக்குள் புதிய நகராட்சி வீடுகளுக்கு அது கட்டாயமாயிற்று. 1965-ல் வடகடலில் எரிவாயு கிடைத்தது. 1967-லிருந்து 1977 வரை வீடு வீடாகப் போய், நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளின் அடுப்புகளையும் பாய்லர்களையும் அந்த வாயுவுக்கு மாற்றினார்கள். 1972-ல் பிரிட்டனின் குடும்பங்களில் 37 விழுக்காட்டில் மத்திய வெப்பமூட்டல் இருந்தது. முப்பதாண்டில் அது பத்தில் ஒன்பதைத் தாண்டியது. இந்த ஓட்டத்தில் வார்ப்பிரும்பு போய் ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவே தடித்த எஃகுத் தகடு வந்தது. அரை அங்குலக் குழாயும் பெரிதென்று எட்டு மில்லிமீட்டர் நுண்குழாய் வந்தது. அதன் உள்விட்டம் ஏழு மில்லிமீட்டருக்கும் குறைவு. கரி பாய்லர் வைத்திருந்தவர் நாளும் சாம்பல் வாரினார், அதன் சத்தமும் சுணக்கமும் அவருக்குத் தெரியும். எரிவாயு வந்தபின் அந்தப் பழக்கம் தேவையில்லாமல் போனது. அது பெரிய விடுதலை, குறிப்பாக விடியலில் எழுந்து அடுப்பு மூட்டிய பெண்களுக்கு. ஆனால் எரியும் பக்கத்தோடு நீர்ப் பக்கமும் சேர்ந்தே கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

மறைந்த அந்த நீருக்குள் நடப்பதைச் சொல்லாமல் குளிர்ந்த ரேடியேட்டரைப் புரியவைக்க முடியாது. புதிதாக நிரப்பிய குழாய்நீரில் கரைந்த ஆக்சிஜன் இருக்கும். அது இரும்பை அரித்துச் சீக்கிரமே தீர்ந்துபோகும். அதோடு அரிப்பு பெரும்பாலும் அடங்கிவிட வேண்டும். எனவே ஒழுங்காக மூடிய ஏற்பாட்டில் நீர் பல்லாண்டு இருந்தாலும் பெரிய கேடில்லை. கேடு எப்போது என்றால், புது நீரோ புதுக் காற்றோ தொடர்ந்து உள்ளே வரும்போது. ஏற்பாட்டுக்கு நீர் ஊட்டப் பரணில் வைத்த சிறு தொட்டிக்குள் பம்ப் வெந்நீரைத் தள்ளி, ஒவ்வொரு சுற்றிலும் காற்றைக் கரைத்துக்கொண்டு வரலாம். கண்ணுக்குத் தெரியாத கசிவு வழியே நீர் குறையக் குறைய புது நீர் ஏறலாம். அப்போது இரும்பு கரைந்து காந்தத்தில் ஒட்டும் கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது, கூடவே ஹைட்ரஜன் வாயு பிரிகிறது. கறுப்புத் தூள் கனமானது. நீர் மெதுவாக ஓடும் இடம் பார்த்து, ரேடியேட்டரின் அடியில் நடுப்பகுதியில் படிந்து சகதியாகிறது. எட்டு மில்லிமீட்டர் குழாயானால் அதையே அடைத்துவிடுகிறது. ஹைட்ரஜன் மேலே போய்த் தங்குகிறது. அடிக்கடி சாவி போட்டுத் திறந்துவிட வேண்டிய ரேடியேட்டரில் வெளியேறுவது பல நேரம் காற்றே அல்ல, உள்ளே இரும்பு தின்னப்படுவதன் அடையாளமான இந்த வாயு.

இங்கேதான் பொதுவான வைத்தியம் நோயை வளர்க்கிறது. வாயுவைத் திறந்துவிட்டால் உள்ளே அழுத்தம் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட, ஒன்று முதல் ஒன்றரை பார் வரை வரும்படி குழாய்நீரை மறுபடி ஏற்றுகிறார்கள். அந்தப் புது நீர் புது ஆக்சிஜனோடு வருகிறது. ரேடியேட்டர் அன்று சூடாகும், அடுத்த மாதம் மறுபடி குளிரும். பழைய கட்டடத்தின் கரி போடுபவர் ஒரே பருவத்தில் மூன்று முறை நீர் ஏற்ற நேர்ந்தால் கசிவைத் தேடியிருப்பார். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தவர்கள் அந்தச் சந்தேகத்தைக் கொடுக்கவில்லை. குளிர்ச்சி எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்ப்பதே பாதி வேலை. மேல்பகுதி மட்டும் குளிர்ந்தால் வாயு. அப்போது ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, துணியைப் பிடித்துக்கொண்டு சாவியைக் கால் சுற்று திருப்பி, சீறல் அடங்கி நீர் வந்ததும் மூடினால் போதும். அடிப்பகுதி நடுவில் குளிர்ந்தால் சகதி, அதற்குச் சாவி பயன்படாது. கழற்றி வெளியே கொண்டுபோய்க் கழுவ வேண்டும், அல்லது முழு ஏற்பாட்டையும் அலச வேண்டும். மாடியில் உள்ளவை மட்டும் குளிர்ந்தால் பரண் தொட்டியின் மிதவை சிக்கி நீர் வற்றியிருக்கலாம், மூடிய ஏற்பாடானால் அழுத்தம் இறங்கியிருக்கலாம். தூரத்து அறை மட்டும் குளிர்ந்து, மற்றவற்றை மூடியதும் அது சூடானால் பங்கீட்டுக் கோளாறு. ஒரு ரேடியேட்டர் தலை முதல் கால் வரை குளிர்ந்தால், அதன் தானியங்கி வால்வின் தலையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கோடை முழுதும் மூடிக் கிடந்ததில் உள்ளிருக்கும் சிறு ஊசி இறங்கியபடியே சிக்கியிருக்கும். மெல்லத் தட்டி, அழுத்தி விட்டால் பல நேரம் எழும்பிவிடும். டென்மார்க்கில் மாட்ஸ் கிளவ்சன் 1943-ல் உருவாக்கிய அந்த வால்வு நல்ல கருவி. அறை சூடானதும் தானே மூடி எரிபொருளை மிச்சம் பிடிக்கும். கோடையில் அதை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும் என்ற சிறு செய்திதான் அதோடு சேர்ந்து வீட்டுக்குள் வரவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குழாயைச் சுருக்காமல், இரும்பை மெலிதாக்காமல் இருந்திருந்தால், ஜன்னலின் உட்புறம் பனி உறைந்த வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்குச் சூடு எட்டியே இருக்காது. வார்ப்பிரும்பின் உறுதியைப் புகழ்வது அது வாய்த்த சிலரின் பக்கம் நின்று பேசுவதாகிவிடாதா? அந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஒரு தலைமுறைக்குள் பல லட்சம் குழந்தைகள் குளிராத படுக்கையறையில் தூங்கத் தொடங்கினார்கள் என்பது சிறிய சாதனையல்ல. அதை மலிவுதான் சாத்தியமாக்கியது. என் குறை மலிவின்மேல் இல்லை. மெல்லிய தகடும் ஒடுக்கக் குழாயும் தடித்த இரும்பைவிட அதிகக் கவனிப்பைக் கேட்பவை. அந்தக் கவனிப்பின் செலவைக் கணக்கில் எழுதாமல் வீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். சாதாரண மனிதர் இதையெல்லாம் கற்க மாட்டார் என்பதும் சரியான பதிலாகாது. சாம்பல் வாரி, புகைபோக்கி துடைத்து, கணப்பை அணையாமல் காத்த அதே மக்கள்தான் இவர்கள்.

சட்டத்தைப் பார்த்தால் இந்த விடுபடல் இன்னும் தெளிவாகிறது. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வீட்டின் வெப்பமூட்டும் ஏற்பாட்டைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பைப் பெரும்பாலான குறுங்கால வாடகைகளில் வீட்டு உரிமையாளர்மேல் வைக்கிறது. 1998-ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் வாடகை வீட்டின் எரிவாயுச் சாதனங்களை ஆண்டுக்கொரு முறை சோதிக்கச் சொல்கின்றன. இரண்டும் தேவையானவை. ஆனால் ஆண்டுச் சோதனை நெருப்பையும் புகைவழியையும் வாயுக் கசிவையும் பார்க்கிறது. நச்சுவாயுவால் உயிர் போகாமல் காப்பதே அதன் நோக்கம். ரேடியேட்டருக்குள் இருக்கும் நீர் கறுத்திருக்கிறதா என்று அது கேட்பதில்லை. பழுது வந்தபின் முறையிட வழியுண்டு, பழுது வளரும் ஆண்டுகளில் பார்க்க ஆளில்லை. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ வரிசை வீடொன்றின் பின்னறையை வாடகைக்கு எடுத்த தமிழ்க் குடும்பம், மின்சாரச் சூடேற்றியை வாங்கிக் கூடுதல் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பது இந்த இடைவெளியில்தான்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டதே என்றும் சொல்லலாம். அரிப்பைத் தடுக்கும் ரசாயனங்கள் வந்துவிட்டன. கறுப்புத் தூளைக் காந்தத்தால் பிடிக்கும் வடிகட்டிகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பரவியுள்ளன. 2019-ல் திருத்திய பிரிட்டிஷ் தர விதி அத்தகைய வடிகட்டியையும் ஆண்டுதோறும் நீரைச் சோதிப்பதையும் கேட்கிறது. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் வடிகட்டியைத் திறந்து துடைக்க ஒருவர் வர வேண்டும், ரசாயனத்தின் அளவைப் பார்க்க ஒருவர் வர வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வெளியே நிறுத்திய ஆளையே தர விதி திரும்ப அழைக்கிறது. அவருக்கு யார் கூலி கொடுப்பது என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

எரிவாயு பாய்லரின் இடத்துக்கு வெப்பப் பம்புகள் வருவதால் இந்தக் கேள்வி அவசரமாகிறது. எரிவாயு பாய்லர் 70, 80 டிகிரி நீரை அனுப்பி, பாதி அடைபட்ட ரேடியேட்டரையும் எப்படியோ கைச்சூட்டுக்குக் கொண்டுவந்துவிடும். பங்கீடு தவறிய வீட்டையும் எரிபொருளைக் கூடுதலாக எரித்து மூடிமறைத்துவிடும். வெப்பப் பம்ப் சிக்கனமாக ஓட வேண்டுமானால் நீர் 45 டிகிரி அளவில்தான் இருக்க வேண்டும். அறைக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலான சூட்டு வித்தியாசம் 50 டிகிரியிலிருந்து 25-க்கு இறங்கினால், அதே ரேடியேட்டர் தரும் வெப்பம் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கும். அந்த நிலையில் சகதிக்கும் சிக்கிய ஊசிக்கும் எண்ணாமல் திருப்பிய வால்வுக்கும் விட்டுக்கொடுக்க மிச்சம் ஏதுமில்லை. புதிய இயந்திரத்தின் விலையையும் மானியத்தையும் பேசும் அதே மேசையில், பழைய குழாய்களில் கிடக்கும் நீர் என்ன நிறத்தில் இருக்கிறது, அதை யார் அலசுவார், ஒவ்வொரு மூடிக்குள்ளும் வால்வு எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது என்பதை யார் எழுதி வீட்டில் விட்டுச் செல்வார் என்பதையும் பேசியாக வேண்டும்.